மொட்டை மாடி ஆன்டெனா: பயப்பட வேண்டியது எதுக்கு?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

"ஊர்ல தாத்தா வீட்டு மொட்டை மாடியில பழைய டிவி ஆன்டெனா நிக்குது. அதுலேருந்து ரேடியேஷன் வருமா?" இது பலருக்கும் இருக்குற சந்தேகம். பதில்: வராது. ஆனா அந்தக் கம்பத்தால உயிர் போகலாம். இந்த ரெண்டுமே எப்படி ஒரே நேரத்துல உண்மைன்னு இன்னைக்குப் பார்ப்போம். உதாரணத்துக்கு எடுத்துக்கிற ஊர், பட்டு நெய்யுற ஆரணி.

ஏன் அவ்வளவு உயரம்?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆரணி அங்கேருந்து நேர்கோட்டுல 100 கிலோமீட்டருக்கு மேல. டிவி அலைகள் ஏறக்குறைய நேராத்தான் போகும், பூமியோட வளைவு நடுவுல மறைக்கும். அதனால தூரத்து ஊர்க்காரங்க குழாய் மேல குழாய் சொருகி ஆன்டெனாவைத் தூக்குனாங்க.

ஒரு கணக்கு. 10 மீட்டர் உயரத்துல இருக்குற ஆன்டெனாவோட ரேடியோ அடிவானம் சுமார் 13 கிலோமீட்டர். 20 மீட்டருக்கு ஏத்தினா சுமார் 18. மீதி தூரத்தை ஒளிபரப்புக் கோபுரத்தோட உயரம்தான் ஈடுகட்டணும். உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலா கிடைக்கிறது 5 கிலோமீட்டர்தான். ஆனா படம் புள்ளி புள்ளியா தெரியுற ஊருக்கு அந்த அஞ்சே பெரிய விஷயம்.

ஆன்டெனாவை வீட்டுலயே செய்யுறதும் கஷ்டமில்லை. 1926-ல ஜப்பான்ல உடா, யாகி ரெண்டு பேரும் வெளியிட்ட வடிவம்தான் அது. ஒரு தண்டு, அதுல குறுக்கே சில அலுமினியக் கம்பிகள். 60 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் 5 மீட்டர், அதுல பாதி 2.5 மீட்டர். அந்த அளவுக்குக் கம்பியை அறுத்தா போதும். ரம்பமும் ரெண்டு ஸ்க்ரூவும் இருந்தா வேலை முடிஞ்சுது.

ரேடியேஷன் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கு. இது அலையை வாங்குற கம்பி, அனுப்புற கம்பி இல்லை. அதுல வந்து சேர்ற சக்தி ஒரு வாட்டுல பத்து லட்சத்துல ஒரு பங்கு கூட இருக்காது.

முதல் ஆபத்து: கரண்ட் கம்பி

6 மீட்டர் இரும்புக் குழாயை நிமிர்த்தும்போதோ இறக்கும்போதோ, அது எந்தப் பக்கம் வேணும்னாலும் சாயலாம். நெருக்கமான நெசவுத் தெருவுல மின்கம்பி வீட்டுக்குப் பக்கத்துலயே போகும். வீட்டுச் சுவருக்கும் கம்பிக்கும் நடுவுல பக்கவாட்டுல 1.2 மீட்டர் இடைவெளி வேணும்னு விதி சொல்லுது. அது அசையாத சுவருக்கான அளவு, கையில ஆடுற குழாய்க்கு இல்லை. குழாய் எவ்வளவு நீளமோ, மின்கம்பி அதைப் போல ரெண்டு மடங்காவது தள்ளி இருக்கணும். 6 மீட்டர் குழாய்னா 12 மீட்டர்.

குழாய் சாய ஆரம்பிச்சா பிடிக்கப் போகாதீங்க. விட்டுட்டு விலகுங்க. ஈரமான உடம்போட மின்தடை சுமார் 1,000 ஓம்தான். 230 வோல்ட் பட்டா 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிரைக் காப்பாத்துறதுக்குன்னே வீட்டுல வைக்குற ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கரண்டை வெட்டிடும். ஆனா தெருக் கம்பியைக் குழாய் தொட்டா அந்த ஆர்சிசிபி-யால எதுவும் செய்ய முடியாது.

ரெண்டாவது: டிவிக்குள்ளேருந்து வர்றது

இதைப் பலர் கவனிக்கிறதில்லை. பழைய டிவி பலதுல உள்ளே இருக்குற உலோகச் சட்டம் நேரடியா மெயின் லைனோட இணைஞ்சிருக்கும். ஆன்டெனா சொருகுற இடத்துல இருக்குற சின்ன கெபாசிட்டர்கள்தான் நடுவுல காவல். அது பழுதானாலோ, ரிப்பேர்ல யாராவது அதைத் தாண்டி இணைச்சுட்டாலோ, மாடியில இருக்குற கம்பிக்கே 230 வோல்ட் ஏறிடும். அந்தக் கம்பத்துல துணிக்கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுறவங்க கதியை யோசிச்சுப் பாருங்க.

நெசவு வீட்டுல இது இன்னும் மோசம். குழித்தறியில நெய்யுறவர் வெறுங்காலைக் குழிக்குள்ள விட்டு மிதியை மிதிப்பார். சுத்தி ஈர மண். டைல்ஸ் தரையில செருப்போட நிக்கிறவருக்கு 'சுர்'ருனு போற அதே கசிவு, அவர் உடம்பு வழியா நேரா பூமிக்கு இறங்கிடும். அதனால "டிவியைத் தொட்டா லேசா அடிக்குது"ன்னு வீட்டுல யாராவது சொன்னா சிரிச்சுட்டு விடாதீங்க. பூஸ்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், கேபிள் ஆம்ப்ளிஃபையர் எல்லாத்துக்கும் இது பொருந்தும். பிளக்கைப் பிடுங்கி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

மூணாவது: இடி

மின்னல்ல பாயுறது பல்லாயிரம் ஆம்பியர். தெருவுலயே உயரமான உலோகம் உங்க கம்பம்னா, அதுல இறங்க வாய்ப்பு அதிகம். கம்பத்தை நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னா, அடியிலேருந்து தடிச்ச செம்புக் கம்பியை வளைவில்லாம எர்த்துக்கு இறக்கணும். அந்த எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒண்ணா இணைஞ்சிருக்கணும். தனித்தனியா விட்டா ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் உருவாகி டிவி வழியா பாயும். எர்த் சேதத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பிளக்கையும் ஆன்டெனா வயரையும் மழை வர்றதுக்கு முன்னாடியே கழட்டுங்க. இடிச் சத்தம் கேட்ட பிறகு கை வைக்காதீங்க.

இப்போ என்ன செய்யணும்?

2022-க்குள்ள தூர்தர்ஷனோட பழைய தரைவழி ஒளிபரப்பு பெரும்பாலும் நிறுத்தப்பட்டாச்சு. கேபிளும் டிஷ்ஷும் வந்தாச்சு. ஆக, அந்தக் கம்பத்துக்கு இப்போ எந்த வேலையும் இல்லை. துருப்பிடிச்சு, ஸ்டே கம்பி தளர்ந்து சும்மா நிக்குது. என்னைக்காவது தானா விழும், இல்லைன்னா தீபாவளிக்கு முன்னாடி யாராவது கழட்ட ஏறுவாங்க. அந்தக் கழட்டுற நாள்தான் ரொம்ப ஆபத்தான நாள்.

பக்கத்துல லைன் போனா, மின்வாரியத்துல சொல்லி சப்ளையை நிறுத்தின பிறகுதான் கை வைக்கணும். தமிழ்நாட்டுல மின்னகம் எண் 94987 94987. தனியா ஏற வேண்டாம், காத்து மழையில வேண்டவே வேண்டாம். குழாயை மொத்தமா சாய்க்காம, துண்டு துண்டா கழட்டி இறக்குங்க.

ஆன்டெனா செஞ்சு பார்க்கணும்னு ஆசை இருக்கா? தாராளமா செய்யுங்க. 2016-ல தூர்தர்ஷன் சென்னை உட்பட 16 நகரங்கள்ல டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்குச்சு. அந்த மாதிரி 500 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கம்பி 30 சென்டிமீட்டர் போதும். ஜன்னல் ஓரத்துல, வீட்டுக்குள்ளயே வெச்சு சோதிக்கலாம். மாடிக்கும் மின்கம்பிக்கும் பக்கத்துல போக வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வாரம் ஊருக்கு போன் பண்ணும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மாடியில அந்தக் கம்பம் இன்னும் இருக்கா? அதுல துணி காயுதா?" அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.