செத்தும் கொடுத்த சூப்பர்மேன்

சீதக்காதி செத்தும் கொடுத்தார். சூப்பர்மேனோ செத்துத்தான் அள்ளிக் கொடுத்தார். 1992 நவம்பர் 18-ல் வந்த அவர் சாகும் ‘சூப்பர்மேன்’ காமிக்ஸின் 75-ஆம் இதழைக் கறுப்பு உறையில் போட்டு, கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டையும் வைத்து அமெரிக்காவில் விற்றார்கள். கடை வாசல்களில் வரிசை. அறுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் போயின. மறு ஆண்டே ஆள் எழுந்து வந்துவிட்டார். அதற்கு முன்பே, 1988-ல் பேட்மேனின் தோழன் ராபின் சாகலாமா என்று கட்டணத் தொலைபேசியில் வாக்கெடுப்பே நடந்தது. சாகட்டும் 5,343, பிழைக்கட்டும் 5,271. எழுபத்திரண்டு வாக்கில் ஓர் உயிர்; நம்மூர் வார்டு தேர்தல் தோற்றது! அழுதவர்களின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் எந்த நாளில் அழ வேண்டும் என்பதை வியாபாரம் குறித்துக் கொடுத்தது.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறைக்காரர்களுக்கு, செத்த நாயகன் திரும்பி வரும் இந்தச் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உட்சுவரில் ஏடுபோல மண் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை. சூளையில் நாலு வெடித்தாலும் அச்சு இருக்கிறது, மறுபடி ஊற்றலாம். காமிக்ஸில் வரும் முகமூடி மாயாவியின் கதையே அதுதான். தந்தை இறந்தால் மகன் அதே உடையில் வருவான். இருபத்தோராவது தலைமுறையிலும் அவர் சாகாதவர் என்றே காடு நம்பும். ஆனால் தமிழில் அந்த மாயாவியைத் தாங்கிய ராணி காமிக்ஸ், 1984-ல் தொடங்கி 2005-ல் நின்றுபோனது. அச்சே போன அந்தச் சாவுக்குக் கறுப்புப் பட்டை கட்டியவர் யார்?

நாயகர்கள்தான் திரைக்கு வந்துவிட்டார்களே என்பார்கள். வந்தார்கள். 2019-ல் அயர்ன்மேன் செத்தபோது தமிழ்க் குழந்தைகளும் தேம்பினார்கள். பெரியவர்களோ அவருக்குத் தமிழ்க் குரல் பொருந்தியதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கவலை வேறு. திரை நாயகனைப் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டாம். 1972-ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்து மறைந்து, கை மட்டும் அந்தரத்தில் நின்றபோது, அடுத்து என்ன என்று அறிய பேச்சு பலூனுக்குள் இருந்த எழுத்துகளைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ‘டமால்’ என்பதைப் படத்தைப் பார்த்தே படித்துவிடும் பிள்ளை, பிறகு பெரிய வாக்கியத்துக்கும் துணியும். பாடநூல் மிரட்டியும் நடக்காத வேலை அது. தமிழ்க் காமிக்ஸ் அடியோடு அழியவில்லைதான். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வழவழத் தாளில், வண்ணத்தில் இன்றும் வருகின்றன. ஆனால் அவற்றின் விலை, அன்று சில்லறை சேர்த்து வாங்கிப் படித்து இன்று சம்பளம் வாங்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்குக் கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டாது.