இலை எடுக்கும் படம்

ஊதாக் கத்தரிக்காயின் காம்போடு ஒட்டிய பச்சைத் தொப்பியைச் சற்று விலக்கினால், அடியில் தோல் பெரும்பாலும் வெளுத்தே இருக்கும். வெயில் பட்ட தோலில் நிறமி ஊறுகிறது, மறைந்த தோலில் ஊறுவதில்லை. ஜப்பானிய விவசாயிகள் ஆப்பிள் சிவக்கும் முன்பே அதன்மேல் எழுத்து ஒட்டி, பழத்தில் வாழ்த்தை வரவழைக்கிறார்கள்.

இலையில் முழு முகமே வரும். பள்ளியில் இலைமேல் கறுப்புத்தாள் செருகி அயோடின் ஊற்றிய சோதனை பலருக்கும் நினைவிருக்கும். கறுப்புத்தாள் இருந்த இடத்தில், 1914 வாக்கில், புகைப்பட நெகட்டிவை வைத்தார் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ். (பின்னாளில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸின் ஆய்வகத்துக்கு வந்து பணியாற்றியவர் இவர்.) செடியை ஓரிரு நாள் இருட்டில் வைத்தால் இலையின் மாவுச்சத்து தீர்ந்துவிடும். பிறகு நெகட்டிவுடன் வெயிலில் விட, ஒளி புகுந்த இடத்தில் மட்டும் அது மறுபடி சேரும். இலையைக் கொதிநீரில் முக்கி, ஆல்கஹாலில் பச்சையத்தைக் கரைத்து, அயோடினில் போட்டால் கருநீலத்தில் படம் எழும்பும். ஆல்கஹாலை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பற்றும். வெந்நீருக்குள் இறக்கித்தான் சூடாக்க வேண்டும்.

இன்னொரு வழிக்கு ரசாயனமே வேண்டாம். பறித்த இலைமேல் படம் அச்சிட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, நாள்கணக்கில் வெயிலில் வைக்கிறார்கள். ஒளி பட்ட பச்சையம் வெளுக்கும். படத்தின் கருமை மறைத்த பச்சையம் தங்கும்.

இதைப் பெரிய கலையாக்கியவர் பின் டான். 1977இல் வியட்நாமில் பிறந்து, குடும்பத்தோடு அகதியாக அமெரிக்கா சேர்ந்தவர். ரப்பர் குழாய் கிடந்த இடத்தில் புல் நிறம் மாறியதைக் கவனித்து இந்த யோசனைக்கு வந்தார். வியட்நாம் போரின் முகங்களை இலைகளில் பதித்து, அவை அழியாதிருக்க ரெசினுக்குள் உறையவைத்தார்.

ஓர் அகதியின் கையில் வளர்ந்த இந்தக் கலை வந்துசேர வேண்டிய ஊர், ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம். இலங்கையின் 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த ஈழத் தமிழர்கள் பலருக்கு முதல் நிழல் தந்தது அங்குள்ள முகாம். உறவுகளின் பழைய படத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளில் அதை இலையில் ஏற்ற இருட்டறை வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஒரு நகல், இரண்டு கண்ணாடித் துண்டு, அகலமான மெல்லிய இலை போதும். ராமேஸ்வரம் கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த வெயிலில் படம் விழுமுன் இலை சுருண்டுவிடாதபடி காம்பில் ஈரப்பஞ்சு சுற்றிவைப்பது நல்லது.