வயிற்றில் பூசணிக்காய் அளவு கட்டி! கீறி எடுப்பதா? துளை போட்டு எடுப்பதா?

அந்த அம்மாளுக்கு வயிறு பெரிதாகிக்கொண்டே போயிற்று. பிள்ளை உண்டாகியிருக்கிறது என்றார்கள். மாதம் கடந்தது. பிள்ளை பிறக்கவில்லை. இரட்டைப் பிள்ளையாக இருக்கும் என்றார்கள். அப்போதும் பிறக்கவில்லை!

இது நடந்தது அமெரிக்காவில், கெண்டக்கி மாகாணத்தில், 1809-ம் ஆண்டில். அந்த அம்மாளின் பெயர் ஜேன் டாட் கிராபோர்டு. நாற்பது வயதைத் தாண்டியவர். ஏற்கெனவே பிள்ளைகள் பெற்றவர். எப்ரைம் மெக்டவல் என்ற டாக்டர் அவரைப் பார்க்க வந்தார். சோதித்துப் பார்த்தார். பிள்ளை அல்ல, சினைப்பையில் வளர்ந்த கட்டி என்று கண்டார்.

இப்படிப்பட்ட கட்டியை வயிற்றைத் திறந்து எடுத்து யாரும் பிழைத்ததாக அதுவரை கேள்வி இல்லை. டாக்டர் அதை மறைக்கவில்லை. டான்வில் என்ற தம் ஊருக்கு வந்தால் செய்து பார்ப்பதாகச் சொன்னார். ஜேன் அம்மையார் குதிரை மீது ஏறினார். கடும் குளிர்காலம். சுமார் 60 மைல் பயணம். சேணத்தின் முனை இடித்து இடித்து வயிறு கன்றிப்போயிற்று.

மயக்க மருந்து இல்லை

அப்போது மயக்க மருந்து கிடையாது. ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்வது 1846-ம் ஆண்டில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஜேன் அம்மையார் மேஜை மீது படுத்து, பைபிளில் உள்ள சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் 9 அங்குல நீளத்துக்குக் கீறினார்.

அவ்வளவு கீறியும் கட்டி வெளியே வரவில்லை. அத்தனை பெரிது! டாக்டர் கட்டியையே கத்தியால் திறந்தார். உள்ளே இருந்த கூழ் போன்ற பொருள் 15 பவுண்டு வெளியே வந்தது. பிறகு சுருங்கிப்போன பையை அறுத்து எடுத்தார். அது ஏழரை பவுண்டு. மொத்தம் 10 கிலோவுக்கு மேல்! வேலை 25 நிமிடத்தில் முடிந்தது. ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தபோது, அம்மையார் தம் படுக்கையைத் தாமே சரி செய்துகொண்டிருந்தார். 25-ம் நாள் ஊருக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

கட்டி பெரிது, வழி சிறிது. அன்று மெக்டவல் சந்தித்த இந்தச் சங்கடம் இன்றும் தீரவில்லை. முதலில் உள்ளே இருப்பதை வடித்துவிட்டுப் பிறகு பையை எடுப்பது என்ற அவர் உபாயம்தான் இன்றைய துளை ஆபரேஷனிலும் கைகொடுக்கிறது. ஆனால் எல்லாக் கட்டிக்கும் அந்த உபாயம் ஆகாது. காரணத்தைப் பார்ப்போம்.

எது பெரிய கட்டி?

சினைப்பை என்பது ஒரு வாதுமைக் கொட்டை அளவுதான். கருப்பைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறது. மாதந்தோறும் அதில் நீர்க் குமிழி ஒன்று உண்டாகிப் போகும். சில சமயம் அது போகாமல் தங்கிப் பெரிதாகும். 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும் சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே மறைந்துவிடும். இதற்கெல்லாம் ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. மாதவிலக்கு தள்ளிப்போகும் இளம்பெண்களுக்கு ஸ்கேனில் சின்னச் சின்னதாகப் பல தெரியும். அதையும் "நீர்க்கட்டி" என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு சங்கதி.

10 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய கட்டி. சில கட்டிகளுக்குள் தலைமுடி இருக்கும், கொழுப்பு இருக்கும், பல்கூட இருக்கும்! செய்வினை என்று பயந்தவர்கள் உண்டு. செய்வினையும் இல்லை, சூனியமும் இல்லை. கருமுட்டையின் அணுவில் எந்த உறுப்பாகவும் மாறும் சக்தி இருக்கிறது. அது இடம் தவறி வேலை செய்கிறது, அவ்வளவுதான். கூழ் நிறைந்த வகைக் கட்டியோ வயிறு முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

பாவாடை நாடா இறுக்குகிறது, நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைகிறது, அடிக்கடி சிறுநீர் போகத் தோன்றுகிறது என்றால் பலர் வாயு என்று கஷாயம் குடிக்கிறார்கள். கல்யாணமாகாத பெண்ணாக இருந்தால் அக்கம்பக்கத்து வாய்க்குப் பயந்து வீட்டார் மூடி மறைக்கிறார்கள். மாதங்கள் வீணாகின்றன. ஒரு ஸ்கேன் எடுத்தால் கால் மணியில் உண்மை தெரிந்துவிடும்!

மூன்று நான்கு துளைகள்

துளை ஆபரேஷனை லேப்ராஸ்கோபி என்கிறார்கள். 1910-ம் ஆண்டில் ஸ்வீடன் டாக்டர் யாக்கோபியஸ் மனித வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். ஜெர்மனியில் கீல் நகரத்து மகப்பேறு டாக்டர் குர்ட் செம் 1980-ம் ஆண்டில் இதே வழியில் குடல்வாலையே எடுத்துவிட்டார். சக டாக்டர்கள் பாராட்டவில்லை, சண்டைக்கு வந்தார்கள். இன்று அதே ஆபரேஷன் சாதாரணம்.

முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் கரியமில வாயுவை நிரப்புவார்கள். தொப்புளில் ஒரு துளை. அதன் வழியே கேமரா. பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று சின்னத் துளைகள். கட்டியை நீர் வடித்து, ஒரு பைக்குள் போட்டு, துளை வழியே வெளியே இழுப்பார்கள். கட்டி தொப்புளுக்கு மேலே வளர்ந்திருந்தால் தொப்புளில் குத்தமாட்டார்கள். கட்டியையே குத்திவிடும் அல்லவா? இடது விலா எலும்புக்குக் கீழே நுழைவார்கள்.

வலி குறைவு. ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம். இரண்டு மூன்று வாரத்தில் வழக்கமான வேலை செய்யலாம். முதல் இரண்டு நாள் தோள் வலிக்கும். அது வாயுவால் வருவது, பயப்பட வேண்டாம்.

கீறி எடுத்தால் மூன்று முதல் ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். தண்ணீர்க் குடம் தூக்க ஆறு வாரம் ஆகும். பின்னாளில் தையல் இடத்தில் குடல் பிதுங்கும் தொல்லையும் சிலருக்கு வரலாம்.

பிறகு ஏன் கீறுகிறார்கள்?

கட்டி புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகம்தான் முக்கிய காரணம். ஆரம்ப நிலைப் புற்றுநோய் கட்டியின் தோலுக்குள் அடங்கிக் கிடக்கும். முழுசாக எடுத்துவிட்டால் நல்லது. உள்ளே உடைந்து சிந்திவிட்டால் நோயின் கட்டம் ஒரு படி ஏறியதாகக் கணக்கிடுகிறார்கள். தேவைப்படாமல் போயிருக்கக்கூடிய மருந்து சிகிச்சை தேவைப்படலாம். அங்கே மெக்டவலின் உபாயம் உதவாது. நீளமாகக் கீறி, உடையாமல் எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஆகையால் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. தெளிந்த நீர் மட்டும் உள்ள 20 சென்டிமீட்டர் கட்டியைத் துளை வழியே எடுக்கலாம். 8 சென்டிமீட்டர் கட்டிக்குள் சதைக் கட்டிகள் தெரிந்தால் கீற வேண்டி வரலாம். ஸ்கேன் படம், மாதவிலக்கு நின்றுவிட்டதா என்பது, சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் எடை போடுகிறார்கள். அந்த ரத்தப் பரிசோதனை மாதவிலக்குச் சமயத்தில்கூட உயர்ந்து காட்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்து அழுது புலம்ப வேண்டாம்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. அடிவயிற்றில் இரண்டு அங்குலம் கீறி, சிந்தாமல் நீரை உறிஞ்சிவிட்டு, சுருங்கிய பையை வெளியே இழுத்து எடுப்பது. துளைக் கருவிகள் இல்லாத ஊர்களிலும் இதைச் செய்யலாம். செலவும் குறைவு. இதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை!

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டியை மட்டும் எடுப்பார்களா, சினைப்பையையும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். ஒரு சினைப்பை நன்றாக இருந்தால் போதும், பிள்ளை பிறக்கும். கல்யாணம் ஆகாத பெண்ணின் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இந்த டாக்டர் இவ்வளவு பெரிய கட்டியைத் துளை வழியே எடுத்துப் பழகியவரா என்றும் கேட்கலாம், தவறில்லை. துளையில் ஆரம்பித்துப் பாதியில் கீற நேர்ந்தால் அது தோல்வி அல்ல. அதற்கும் சேர்த்துத்தான் முன்கூட்டியே கையெழுத்து வாங்குகிறார்கள்.

ஆனால் திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் யோசனைக்கு நேரமில்லை. கட்டி முறுக்கிக்கொண்டு சினைப்பைக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கலாம். அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் முறுக்கைப் பிரித்துச் சினைப்பையைக் காப்பாற்றலாம்.

எந்த வழியில் எடுத்தாலும் கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் வரச் சில நாட்கள் ஆகும். தையல் பிரித்ததும் ஊருக்குப் பஸ் ஏறி, ரிப்போர்ட்டை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டி நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்வது அந்தக் காகிதம்தான். அதை வாங்கி, டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.