பழைய காரின் முன்சக்கரங்கள்: பழுதுபார்ப்பும் உழைப்பும் பற்றிய ஒரு நோக்கு

மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டனுக்கும், மறுபுறம் நல்லதண்ணிக்கும் செல்லும் பாதைகளிலே நேரான பகுதி என்பது அரிது. பெருந்தோட்ட மூலதனம் தேயிலையை வெளியே கொண்டுசெல்லும் தேவைக்காக மலைச்சரிவை வெட்டி உருவாக்கிய பாதை வலையின் பகுதிகள் இவை. இங்கு ஸ்டியரிங் பழுதுறுவது வெறும் வசதிக்குறைவு அன்று; உயிராபத்து. பழைய கார் ஒன்றின் முன்சக்கர அமைப்பு எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு தேய்கிறது, எவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது என்பதை விளக்குவதே எமது நோக்கம். இலக்கிய மாணவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். உழைப்பைப் பற்றி ஓயாது எழுதும் நாம், உழைப்பின் நுட்பங்களை அறியாமலே எழுதி வந்திருக்கிறோம் என்பதே எமது விடை.

உதாரணமாக மொரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் இலண்டனில் அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கம் வரையில் 16 இலட்சத்துக்கும் அதிகமானவை உற்பத்தியாயின. பிறந்த நாட்டிலே உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் இலங்கை வீதிகளிலே அது ஓடுகிறது. இதனைப் பழமைப்பற்று என்று கொள்வது மேலோட்டமான விளக்கமாகும். அந்நியச் செலாவணி நெருக்கடி 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே தளர்த்தப்பட்டது. உலகச் சந்தையில் தேயிலை விற்று அதன் வருவாயில் இயந்திரம் வாங்கும் நாட்டிலே, பழைய கார் நீடித்து வாழ்வதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு.

இனி அமைப்பை நோக்குவோம். இக்காரின் முன்புறத்திலே சுருள்வில் இல்லை. தரையின் அடியில் நீளவாக்கில் செல்லும் உருக்குத் தண்டு ஒன்று முறுக்கப்படுவதன் மூலம் வில்லின் வேலையைச் செய்கிறது. இம்முறுக்குத் தண்டின் பின்முனை சட்டகத்தில் பொருத்தப்பட்டுள்ளது; முன்முனை கீழ்க்கையுடன் இணைந்துள்ளது. ஷொக் அப்சோர்பரின் கையே மேற்கையாகவும் பயன்படுகிறது. இவ்விரு கைகளுக்கும் இடையே செங்குத்தாக நிற்பது கிங்பின். அதன் இரு முனைகளிலும் புரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரிகள் டிரன்னியன் எனப்படும் துண்டுகளுள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கிங்பின் இப்புரிகளிலேயே சுழல்கிறது. காரின் அம்மூலையின் பாரத்தைத் தாங்குவதும் கீழ்ப்புரியே.

இங்கேதான் முரண்பாடு தோன்றுகிறது. பாரம் தாங்குவதும் சுழல்வதும் ஒரே இடத்தில் நிகழ்வதால், கிரீஸ் இல்லாதவிடத்து அவ்விடம் விரைவில் தேய்கிறது. மழையும் சேறும் மிகுந்த மலைப்பாதையிலே தேய்வு மேலும் துரிதமடைகிறது. முற்றாகத் தேய்ந்த நிலையில் கிங்பின் கீழ்த் டிரன்னியனிலிருந்து கழன்றுவிட, சக்கரம் மடிந்து கார் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

தேய்வைக் கண்டறியும் முறை எளியது. சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைக்கவேண்டும். ஆட்டம் தென்படின் மற்றொருவர் பிரேக்கை மிதிக்கவேண்டும். அப்பொழுது ஆட்டம் மறைந்தால் குறை பெயரிங்கில். மறையாவிடின் கிங்பின்னிலோ டிரன்னியனிலோ.

புதுப்பிக்கும் வேலையிலே வரிசைமுறை முக்கியமானது. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தவேண்டும். முறுக்குத் தண்டிலே பெரும் விசை தேங்கியிருப்பதால், கீழ்க்கையின் அடியில் ஜாக் கொடுத்த பின்னரே மேற்பூட்டைக் கழற்றவேண்டும்; பின்னர் ஜாக்கை மெதுவாக இறக்கி முறுக்கைத் தளர்த்தவேண்டும். இடப்புறத் தண்டை வலப்புறத்துக்கு மாற்றலாகாது. நீண்டகாலப் பாவனையில் ஒவ்வொன்றும் தன் திசையில் முறுகிப் பழகியிருக்கும். தண்டின் மேற்பரப்பில் விழும் சிறு கீறலும் பின்னாளில் வெடிப்பாக வளரக்கூடும். டிரன்னியன்களின் புரிகள் இரு பக்கங்களிலும் எதிரெதிர்த் திசையின. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பூட்ட முடியாது. றப்பர் புஷ்களை மாற்றும்போது, கார் தன் பாரத்துடன் சக்கரங்களில் நின்ற பின்னரே இறுதியாக இறுக்கவேண்டும். இல்லையேல் றப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். ஸ்டியரிங் பெட்டியின் முனைகளிலுள்ள றப்பர் உறைகள் கிழிந்திருப்பின் மாற்றவேண்டும். அவ்வழியே புகும் சேறு பற்களை அரிக்கும். ஈற்றிலே, முன்சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி பின்விளிம்பு இடைவெளியிலும் 3/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர், குறைவாக இருக்குமாறு சீர்செய்யவேண்டும்.

இவ்வறிவு இலங்கையின் சிறு கராஜ்களிலே பெரும்பாலும் நூல்வழி வருவதன்று. பாஸின் கையைப் பார்த்துப் பையன் கற்கிறான். ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் பாகத்திலே மாக்ஸ், நிலையான மூலதனத்தின் ஆயுட்காலக் கணக்கு பராமரிப்பு உழைப்பு தொடர்ந்து நடைபெறும் என்ற எடுகோளிலேயே தங்கியுள்ளதைச் சுட்டிக்காட்டுகிறார். இயந்திரத்தின் பெறுமதியைக் காப்பவன் கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளி. 1990களிலே சார்ள்ஸ் வெயார் என்ற ஆங்கிலேயரும் இலங்கையர் ஒருவரும் கூட்டாக இக்காரின் உதிரிப்பாகங்களை இலங்கையில் உற்பத்தி செய்து பிரித்தானியாவுக்கு அனுப்ப முனைந்தமை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. ஒருகாலத்தில் காரை இறக்குமதி செய்த குடியேற்ற நாடு, அக்காரின் உயிரை நீடிக்கும் உழைப்பைத் தாய்நாட்டுக்கு ஏற்றுமதி செய்தது.

ஆயினும் கைத்திறனைப் போற்றுவதோடு நின்றுவிடுதல் தவறாகும். உதிரிப்பாகம் கிடைக்காதபோது தேய்ந்த புரியை வெல்டிங் வைத்து நிரப்பும் வழக்கத்தைத் ‘தொழிலாளியின் சாதுரியம்’ எனப் புகழ்வது எளிது. அவ்வாறு நிரப்பிய புரி எப்பொழுது முறியும் என்பதை வெளியிலிருந்து எவரும் அறியமுடியாது. பற்றாக்குறையின் விலையை அடுத்த வளைவிலே செலுத்துபவர் சாரதியும் பயணியுமே. சாதுரியத்தைப் பிறப்பிக்கும் வறுமையைக் கேள்விக்குட்படுத்தாத புகழ்ச்சி, வறுமையை நியாயப்படுத்தும் கருத்தியலாகவே முடியும்.

மலையகத் தமிழ் இலக்கியம் கொழுந்து பறிக்கும் கரங்களைப் பதிவுசெய்திருக்கிறது. கிரீஸ் படிந்த கரங்களின் அறிவும் தமிழிலே எழுதப்படவேண்டும். அவ்வறிவு எழுத்தாகும்போதே கராஜில் நிற்கும் பையன் அதனைச் சரிபார்க்கவும் மறுக்கவும் வளர்க்கவும் இயலும். அதற்குப் புதிய கலைச்சொற்களைத் தேடி அலைவதற்கு முன்னர், கராஜிலே ஏலவே வழங்கும் சொற்களைச் செவிமடுப்பதே எமது முதற்பணியாகும்.