பெரும்பாடு: ஒரு சொல்லும் ஒரு நோயும்

'படு' என்னும் முதனிலை 'பாடு' எனத் திரிந்து தொழிற்பெயராதலை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் அறிவர். 'பெரும்பாடு பட்டான்' என்றால் மிகத் துன்புற்றான் என்பது பொருள். அகராதியைப் புரட்டின் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் காணலாம். பெண்டிர்க்கு அளவு கடந்து உண்டாகும் உதிரப்போக்கே அது. பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணைக் குறிக்கத் தமிழ் விவிலியமும் இச்சொல்லையே ஆண்டது. இன்று அப்பொருள் பேச்சு வழக்கில் அருகிவிட்டது. சொல் அருகிற்றேயன்றி நோய் அருகவில்லை.

இயல்பு இன்னதென்று அறிந்தாலன்றி இயல்பல்லாதது இன்னதென்று தெளிய இயலாது. ஒரு மாதவிடாய் தொடங்கிய நாள் முதல் அடுத்தது தொடங்கும் வரை 24 முதல் 38 நாள் ஆவது இயல்பு. உதிரப்போக்கு 8 நாளுக்கு மேல் நீடித்தல் இயல்பன்று. ஒரு மாதவிடாயில் வெளிப்படும் குருதி பெரும்பாலும் 30 அல்லது 40 மில்லிலிட்டர். 80 மில்லிலிட்டரைக் கடப்பின் மிகை என்பது மருத்துவ நூலார் வகுத்த அளவு. வீட்டில் இதனை அளத்தல் அரிது. ஆதலின் குறிகளால் உணர்தல் வேண்டும். மணிக்கொரு முறை துணி மாற்ற நேர்தல், பெரிய கட்டிகளாகக் குருதி உறைந்து வெளிப்படுதல், முகம் வெளிறுதல், சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குதல் ஆகியவை மிகைப்போக்கின் அடையாளங்கள். இரண்டு மாதவிடாய்களுக்கு இடையிலும், கணவனுடன் கூடிய பின்னரும் குருதி காணுதல் அளவிற் சிறிதாயினும் இயல்பன்று.

காரணங்கள் பல. 2011ஆம் ஆண்டில் பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு அவற்றை ஒன்பதாக வகைப்படுத்தியது. கருப்பையில் தோன்றும் சதை வளர்ச்சி, தசைநார்க் கட்டி, உட்படலம் தசைக்குள் ஊடுருவுதல், புற்றும் அதற்கு முந்திய நிலையும் ஆகிய நான்கும் உறுப்பின் அமைப்பிலே காணத்தக்கவை. குருதி உறையாமைக் குறை, சினைமுட்டை முறையாக வெளிப்படாமை, சில மருந்துகளின் விளைவு போன்றவை எஞ்சிய ஐந்தனுள் அடங்கும். இவ்வகைப்பாடு கருவுறாத பெண்டிர்க்கே உரியது. பிள்ளைப் பேற்றுக்குரிய வயதினளுக்கு முறை தவறிக் குருதி கண்டால், கருவுற்றிருக்கிறாளா என்பதையே மருத்துவர் முதற்கண் ஆராய்வர். கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி வெடிப்பின் உயிருக்கே இறுதியாம். கடும் வயிற்றுவலியும் மயக்கமும் சேர்ந்து வரின் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது.

வயதும் கருதத்தக்கது. பூப்பெய்திய முதற் சில ஆண்டுகளில் மாதவிடாய் முறை தவறுதல் பெரும்பாலும் தானே சீர்ப்படும். ஆனால் பூப்பெய்திய நாள் முதலே மிகைப்போக்குடைய சிறுமிக்குக் குருதி உறையாமைக் குறை உண்டோ என்று சோதித்தல் நன்று. மாதவிடாய் ஓராண்டு முற்றும் நின்றபின் மீண்டும் குருதி காணுதலோ வேறு நிலை. 'போனது திரும்பி வந்தது' என்று மூதாட்டியர் அதனைப் பொருட்படுத்தாது விடுவதுண்டு. அது பெரும்பிழை. அவ்வாறு குருதி காண்போருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்குக் கருப்பைப் புற்று இருக்கலாம், ஒன்பதின்மர்க்கு இராது. அந்த ஒருவர் யாரென்பது சோதனையாலன்றித் தெரியாது. கருப்பைப் புற்றுக் கண்ட பெண்டிருள் பத்தில் ஒன்பதின்மர்க்குக் குருதிப்போக்கே அறிகுறியாய் வெளிப்படுகிறது. நோய் தானே முன்வந்து அறிவித்தும் நாணத்தால் அதனை மறைத்தல் என்ன நியாயம்?

கருப்பைக் கழுத்துப் புற்றுக்குப் பெரும்பாலும் எச்.பி.வி. என்னும் கிருமியே காரணம். அதனைத் தடுக்கும் ஊசி மலேசியப் பள்ளி மாணவியர்க்கு 2010 முதலும் சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளி மாணவியர்க்கு 2019 முதலும் இடப்பட்டு வந்துள்ளது. ஊசியிட்டோர்க்கும் பின்னாளில் கழுத்துப் பகுதிச் சோதனை இன்றியமையாதது.

மாதந்தோறும் சில நாள் வராத மாணவியையும், வகுப்பில் சோர்ந்து கிடப்பவளையும் சோம்பேறி என்று கடியுமுன் ஆசிரியர் சிந்தித்தல் வேண்டும். குருதி மிகப் போயின் இரும்புச் சத்துக் குறையும். அது குறைந்தால் கருத்தும் ஊன்றாது. பள்ளியின் ஆசிரியை ஒருவர் தனியே அழைத்து அன்புடன் வினவி, தாய்க்கு அறிவித்தால் பாதி வேலை முடிந்தது. 'தீட்டு' என்றும் 'தூரம்' என்றும் ஒதுக்கிப் பேசிய நாவுக்கு நோயை நோயென்று சொல்லும் பழக்கம் வரவேண்டும். மருத்துவர் முன் வாய் திறந்து சொல்லத் தெரிந்த பெண்ணுக்குப் பாதிப் பாடு அப்பொழுதே குறைந்துவிடும்.