பாப்ளர்: சிறைக்குப் போன கவுன்சிலர்களும் ஒற்றை மேயரும்

அன்று

1921 ஜூலை 29. கிழக்கு லண்டனின் பாப்ளர் பகுதியிலிருந்து கவுன்சிலர்கள் உயர் நீதிமன்றத்துக்கு ஊர்வலமாக நடந்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகிறோம், ஒருவேளை சிறைக்கும் போவோம் என்றது முன்னால் சென்ற பதாகை. சொன்னபடியே செப்டம்பரில் 30 கவுன்சிலர்கள் சிறை சென்றார்கள்.

செய்த குற்றம், வரி வசூலிக்க மறுத்தது. ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் சுமையை அந்தந்தப் பகுதியே ஏற்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். துறைமுகத் தொழிலாளர்கள் வேலையின்றித் தவித்த பாப்ளரில் சுமை அதிகம், வரி தரும் சொத்து குறைவு. செல்வந்தர்கள் வாழ்ந்த வெஸ்ட்மின்ஸ்டரில் நிலைமை நேர்மாறு. இந்த அநீதி தீரும்வரை லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கும் காவல்துறைக்கும் தர வேண்டிய பங்கைத் திரட்ட மாட்டோம் என்றது பாப்ளர்.

1900இல் உருவான அந்த நகரசபையில் 1919ஆம் ஆண்டுத் தேர்தல் பெரும் திருப்பம். 42 கவுன்சிலர் இடங்களில் 39ஐத் தொழிற்கட்சி வென்றது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்தவர்கள் சபையில் அமர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் லான்ஸ்பரி பின்னாளில் தொழிற்கட்சியின் தலைவரானார். நகரசபை ஊழியர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குறைந்தபட்ச ஊதியம், வாரம் 4 பவுண்ட் என நிர்ணயித்ததும் இந்தச் சபைதான்.

பெண் கவுன்சிலர்கள் ஹாலோவே சிறையில், ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில். ஆனாலும் நகரசபைக் கூட்டம் நிற்கவில்லை. பெண்களை பிரிக்ஸ்டனுக்கு அழைத்துவந்து சிறைக்குள்ளேயே கூட்டம் நடத்தினார்கள். அக்டோபரில் அனைவரும் விடுதலையானார்கள். ஏழைகளுக்கான செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. சிறை சென்றவர்களில் ஒருவரான, லான்ஸ்பரியின் மருமகள் மின்னி 1922 ஜனவரி 1 அன்று, 32 வயதில் இறந்தார்.

இன்று

1965இல் பாப்ளர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் இணைந்து டவர் ஹேம்லெட்ஸ் பரோ ஆயின. துறைமுகங்கள் மூடப்பட்டன. 1981இல் அரசு அமைத்த மேம்பாட்டுக் கழகம் துறைமுகப் பகுதியின் கட்டுமான அனுமதி அதிகாரத்தை நகரசபையிடமிருந்து எடுத்துக்கொண்டது. அங்கே கேனரி வார்ஃப் வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. பழைய துறைமுகத் தெருக்களில் வங்கதேசத்திலிருந்து வந்த குடும்பங்கள் வேரூன்றின.

தொழிற்கட்சியின் கோட்டை 1986இல் லிபரல்களிடம் விழுந்தது. 1993இல் மில்வால் இடைத்தேர்தலில் இனவாதக் கட்சியான பி.என்.பி. ஓர் இடத்தைப் பிடித்தது. மறு ஆண்டே வாக்காளர்கள் அதைத் தோற்கடித்து, தொழிற்கட்சியையும் ஆட்சியில் அமர்த்தினார்கள்.

2010இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. முதல் மேயரான லுட்ஃபுர் ரஹ்மானின் 2014 வெற்றியை, தேர்தல் முறைகேடுகள் காரணமாக 2015இல் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்து, ஐந்தாண்டுகள் போட்டியிடத் தடை விதித்தது. தடை முடிந்தபின் 2022இல் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்தலில் 45 இடங்களில் அவரது ஆஸ்பயர் கட்சி 24, தொழிற்கட்சி 19, கன்சர்வேடிவ் 1, பசுமைக் கட்சி 1 என வென்றன. 2023இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் இலவச மதிய உணவு விரிவானது. 2024 நவம்பரிலோ, நிர்வாகத்தை மேற்பார்வையிடத் தூதர்களை அனுப்பப்போவதாக மத்திய அரசு அறிவித்தது.

ஏழைக் குடும்பத்தின் தட்டில் சோறு விழ வேண்டும் என்ற அக்கறை நூறாண்டுகளாகத் தொடர்கிறது. அது இந்த மண்ணின் பெருமை. மாறிப்போனது அதிகாரத்தின் இருப்பிடம். 1921இல் தீர்மானம் எடுத்தது ஒரு சபை. விலை கொடுத்ததும் அந்தச் சபையே. இன்று முடிவுகள் ஒரு மேயரின் மேசையில் குவிகின்றன. ஒருவரை நம்பி நிற்கும் நகரசபை, அவர் சறுக்கினால் சேர்ந்தே சறுக்கும். எந்தக் கட்சி வென்றாலும், 45 கவுன்சிலர்களும் கேள்வி கேட்கவும் தடுக்கவும் வலுப்பெற வேண்டும். பாப்ளரின் மரபுக்குச் செய்யும் மெய்யான மரியாதை அதுவே.