நோவது நாரி, இறுகியது எது?

விடியற்காலையில் மட்டக்களப்பு வாவியில் வீச்சு வலை வீசுகிற ஒருவரைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வலையின் ஒரு பங்கை இடது முழங்கையில் போட்டுக்கொண்டு, ஈயக் குண்டுகள் தொங்கும் ஓரத்தை வலது கையால் அள்ளிப் பிடிப்பார். ஆடுகிற தோணியில் கால்களை அகட்டி ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாகப் பின்னுக்குத் திருப்பி, அதே இழுப்பில் முன்னுக்குச் சுழற்றிக் கையை விடுவார். வலை வட்டமாக விரிந்து விழும். கைப்பழக்கம் உள்ளவர் வீசும்போது குதிக்கால் சற்றுக் கிளம்பும், இடுப்பு மூட்டு திரும்பும், நெஞ்சும் தோளும் சேர்ந்து சுழலும். நடுவில் இருக்கிற நாரி மட்டும் பெரிதாகத் திரும்பாது. காலில் பிறந்த விசையைத் தோளுக்குக் கடத்திவிட்டுத் தன்பாட்டில் நிற்கும்.

இடுப்பு மூட்டு இறுகிப்போன ஒருவர் வீசினாலும் வலை விழும், மீனும் படும். ஆனால் இடுப்பு மூட்டு திரும்ப மறுத்த அளவை நாரி திரும்பிக் கொடுத்திருக்கும். ஒரு வீச்சில் அது ஒன்றுமில்லை. காலையில் எத்தனை வீச்சு, வருஷத்தில் எத்தனை காலை என்று கூட்டிப் பார்த்தால்தான் நாற்பது வயதில் ஏன் நாரியைப் பிடித்துக்கொண்டு கரையேறுகிறார் என்பது விளங்கும்.

நாரியில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. முன்னுக்குக் குனிய அவை நன்றாக இடம் கொடுக்கும். திருகுவதற்கு அவை அமையவில்லை. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்திலும் இருக்கிற சிறு மூட்டுகள் நெட்டுக்குத்தாக நின்று திருகலைத் தடுக்கின்றன. நாரி முழுவதும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 13 பாகை அளவே திரும்பும். அதற்கு மேலே விலா எலும்புகள் பொருந்திய முதுகு ஏறத்தாழ 35 பாகை திரும்பும். கீழே இடுப்பு மூட்டு, பந்தும் கிண்ணமுமாக அமைந்தது, எந்தப் பக்கமும் சுழலக்கூடியது. திருகல் வேலை யாருடையது என்பதை எலும்பின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

இதை ஒரு ஒழுங்காக எடுத்துச் சொல்லிப் பரப்பியவர்கள் அமெரிக்காவின் இயன்மருத்துவர் கிரே குக்கும் பயிற்றுநர் மைக்கேல் பாயிலும். கணுக்கால் நன்றாக அசைய வேண்டும், முழங்கால் உறுதியாக நிற்க வேண்டும். இடுப்பு மூட்டு அசைய வேண்டும், நாரி உறுதியாக நிற்க வேண்டும். அதற்கு மேலுள்ள முதுகு அசைய வேண்டும். அசைவும் உறுதியும் மாறிமாறி வருகிற ஏணி அது. நான்கு பேர் தண்டு வலிக்கிற தோணியில் இருவர் கை ஓய்ந்தால் மற்ற இருவர் தோளில்தான் நோ வரும். நாரியின் நிலையும் அதுவே. நோவுகிற இடத்தில் எண்ணெய் பூசி உருவுவதும் ஒத்தடம் கொடுப்பதும் சுகம் தரும், கெடுதல் இல்லை. ஆனால் ஓய்ந்துபோன மூட்டுகளை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

உறுதி என்பதை விறைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1992 இல் யேல் பல்கலைக்கழகத்தின் மனோகர் பஞ்சாபி இதைத் தெளிவாக வகுத்தார். முள்ளந்தண்டின் உறுதிக்கு மூன்று பொறுப்பாளிகள்: எலும்பும் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டும் தசைநாரும் ஒன்று, தசைகள் இரண்டாவது, எந்தத் தசை எப்போது எவ்வளவு இறுக வேண்டும் என்று கட்டளையிடும் நரம்பு மண்டலம் மூன்றாவது. அவரும் சேர்ந்து செய்த ஒரு சோதனை என்னை இன்றும் திகைக்க வைக்கிறது. தசைகளை நீக்கிய நாரி முள்ளந்தண்டின் மேல் சுமையை ஏற்றிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 9 கிலோவிலேயே அது நிலைகுலைந்து சரிந்தது. உயிருள்ள மனிதனின் தலையும் கையும் நெஞ்சும் சேர்ந்தாலே அதைப்போல் பல மடங்கு பாரம். அப்படியானால் நாம் நிமிர்ந்து நிற்பது எலும்பின் பலத்தால் மட்டும் அல்ல, சுற்றியுள்ள தசைகள் ஓயாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்.

அந்தப் பிடிப்பு எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பால் ஹொட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், கையைத் தூக்கச் சொல்லித் தசைகளின் மின் அசைவை அளந்தார்கள். நோ இல்லாதவர்களிடம் கை அசையும் முன்பே வயிற்றின் ஆழத்திலுள்ள தசை இறுகிவிட்டது. நாரிநோ உள்ளவர்களிடம் அது பிந்தியது. வலை வீசுகிற கைக்கு முன்னால் வயிறு தயாராக வேண்டும். நோ வந்தவருக்கு அந்த முன்தயாரிப்பே குழம்பிவிடுகிறது.

வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் நாரிக்கு வேறு சோதனை. வலைகாரருக்குத் திருகல், வயல்காரருக்குக் குனிவு. அறுவடையை மெஷின் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனாலும் களை பிடுங்குகிற பெண்கள் வரம்புக்கும் வரம்புக்கும் இடையில் முழுக்கக் குனிந்தபடியே நகர்கிறார்கள். அப்படி முழுவதும் குனிந்துவிட்டால் முதுகுத் தசைகள் அடங்கிவிடுகின்றன; பாரத்தைத் தசைநார்களும் தட்டுகளும் சுமக்கின்றன. தசைநார் மெல்ல மெல்ல இழுபடும். கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிஷம் முழுக்கக் குனிந்திருந்தவர்களுக்கு நிமிர்ந்து 2 நிமிஷம் கழித்தும் அந்தத் தளர்வில் பாதிதான் மீண்டிருந்தது. அரை மணிநேரம் சென்றும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வயல்வேலைக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு வேறு இருக்க முடியாது. களை பிடுங்கி நிமிர்ந்த கையோடு தண்ணீர்க் குடத்தையோ உரச் சாக்கையோ தூக்குவதுதான் மிக ஆபத்தான நேரம். இழுபட்ட தசைநாருக்கு நாரியைப் பிடித்து வைக்கும் பலம் அப்போது இல்லை. சில நிமிஷம் நிமிர்ந்து நடந்து, கையை இடுப்பில் ஊன்றி மெல்லப் பின்னுக்குச் சாய்ந்து, அதற்குப் பிறகு தூக்கலாம். வரம்பில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு உடனே எழும்பித் தூக்குவது சரிவராது; குந்தியிருக்கும்போதும் நாரி வளைந்துதானே இருக்கிறது.

அதிகாலைத் தொழிலாளிக்கு இன்னொரு பேச்சும் உண்டு. இரவு படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய தட்டு குனிவை விரும்பாது. அதிகாலையில் குனிவைக் குறைத்துக்கொண்ட நோயாளிகளுக்கு நாரிநோ தணிந்ததாக 1998 இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே பாயை விட்டு எழும்பிய உடனே தோணியைக் குனிந்து தள்ளாமல், கரையில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் போகலாம்.

இறுக்கம் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். குதிக்கால் நிலத்தில் முழுக்கப் பதிய, ஒன்றையும் பிடிக்காமல் குந்திப் பாருங்கள். குதி கிளம்பினால் கணுக்கால் இறுகியிருக்கிறது. பின்பக்கம் விழப் பார்த்தால் இடுப்பு மூட்டையும் சந்தேகிக்கலாம். குந்தி மீன் வெட்டியும், குந்திப் பாத்திரம் கழுவியும் பழகிய நம் அம்மம்மாமாருக்கு இது ஒரு சோதனையே இல்லை. கதிரையும் கொமட்டும் மோட்டார் சைக்கிளும் வந்த பிறகு முப்பது வயதுக்காரர் குந்த முடியாமல் தடுமாறுகிறார். வட்டக்களரியில் விடிய விடிய வடமோடிக் கூத்து ஆடியவர்களுக்கு அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்கிய ஆட்டமே கணுக்காலையும் இடுப்பு மூட்டையும் இளக்கியிருக்கும் என்பது என் எண்ணம். ஊருக்கு ஊர் கூத்துப் பழகுவது குறைந்ததால் உடம்பும் ஒன்றை இழந்திருக்கிறது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு நேரான கம்பு போதும். கம்பை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள்: பின்தலை, தோள்களுக்கு நடு, வால் எலும்பு மூன்றிலும் அது பட வேண்டும். முழங்காலைச் சற்று இளக்கி, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு குனியுங்கள். மூன்று இடத்திலும் கம்பு விலகாமல் குனிய முடிந்தால் நீங்கள் இடுப்பு மூட்டில் மடங்குகிறீர்கள். வால் எலும்பிலிருந்து கம்பு விலகினால் நாரியில் மடங்குகிறீர்கள். சோதனையும் இதுவே, பயிற்சியும் இதுவே. நாளுக்குச் சில தடவை செய்துவந்தால் வலை இழுக்கும்போதும் குடம் தூக்கும்போதும் உடம்புக்கு அந்த வழி நினைவிருக்கும்.

உறுதிக்கு மெக்கில் சொல்லிக்கொடுத்த மூன்று பயிற்சிகள் உலகெங்கும் பரவியிருக்கின்றன. ஒரு காலை மடித்து மல்லாந்து, நாரிக்கு அடியில் கையை வைத்துத் தலையையும் தோளையும் மட்டும் சற்றுக் கிளப்புவது ஒன்று. பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்துவது ஒன்று. கையும் முழங்காலும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது மற்றது. மூன்றிலும் நாரி அசைவதில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாரியை உறுதிப்படுத்தும் இப்படியான பயிற்சிகளைச் சாதாரணப் பயிற்சிகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளை 2016 இல் தொகுத்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. பயிற்சி செய்கிறவர் செய்யாதவரைவிடத் தேறுகிறார். எந்தப் பயிற்சி என்பது இரண்டாம் பட்சம். மூட்டு ஏணி நல்ல வழிகாட்டி, ஆனால் அதுதான் ஒரே வழி என்று சொல்லிக் காசு பறிப்பவர்களை நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் நாட்பட்ட நாரிநோவுக்கு உடற்பயிற்சியையும் விளக்கமளிப்பையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டியையும் பாரம் கட்டி இழுப்பதையும் வேண்டாம் என்கிறது. பட்டியைக் கட்டி, கட்டிலில் கிடந்து, குனியவே பயப்படுகிறவரின் தசைகள்தான் விரைவில் வலுவிழக்கின்றன.

எம்.ஆர்.ஐ. படத்தில் தட்டுத் தேய்ந்திருப்பதாக எழுதியிருந்தால் பலர் அதோடு தொழிலையே விட்டுவிடுகிறார்கள். நோவே இல்லாதவர்களைப் படம் பிடித்த ஆய்வுகளை 2015 இல் தொகுத்தபோது, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் தட்டுத் தேய்வு இருந்தது. தலைமயிர் நரைப்பதை யாரும் நோய் என்பதில்லையே. ஆனால் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்தாலும், தொடையிடுக்கு மரத்துப்போனாலும், கால் பலமிழந்து வந்தாலும், காய்ச்சலோடு நாரி நொந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. படுவான்கரையிலிருந்து பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் வர வேண்டுமென்றாலும் அன்றே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவும் உடம்பின் பக்கத்துக் கதை. சுமையின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். முதுகுத் தசைகள் மூட்டிலிருந்து சுமார் 5 சென்ரிமீற்றர் பின்னால் நின்று இழுக்கின்றன. 20 கிலோவை உடம்பிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தால் அந்தச் சுமைக்காக மட்டுமே தசைகள் 200 கிலோ இழுப்பு இழுக்க வேண்டும். நெல் மூடையோ 60 கிலோவைத் தாண்டுகிறது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் 1991 ஆம் ஆண்டுக் கணக்கின்படி மிக வாய்ப்பான நிலையில்கூடத் தூக்கத் தகுந்தது 23 கிலோ. சர்வதேசத் தொழில் அமைப்பு 1967 இலேயே வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எந்த மூட்டை இளக்கினாலும், எந்தப் பயிற்சி செய்தாலும், லொறியில் மூடை ஏற்றுகிற இளைஞனின் நாரிக்கு இந்தக் கணக்கை மாற்ற முடியாது. மூடையின் நிறையைத் தீர்மானிப்பவர் அதைச் சுமப்பவர் அல்ல. பெரும்போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் விதைப்புத் திகதியும் தண்ணீர் திறப்பும் பேசப்படுகின்றன. சாக்கின் அளவையும் அங்கே பேசலாம். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற வழக்கத்தையும், அரை மூடையாகக் கட்டுகிற வழக்கத்தையும் அங்கேயே முடிவுசெய்யலாம்.